ஒட்டாத தயிர் டப்பா

கேள்வி: 1:87 அளவில் ரயில் நிலையம் செய்கிறேன். தயிர் டப்பாவை வெட்டிச் சுவர் வைத்தால் எந்தப் பசையிலும் நிற்கவில்லையே, ஏன்?

பதில்: டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். பசையும் பிடிக்காது, பெயின்டும் உரியும்; அதோடு மல்லுக்கட்டாதீர்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன். பிளாஸ்டிக் மாடல்களுக்கான பசை அதன் விளிம்பையே கரைத்து இணைத்துவிடும்.

சுவருக்கு என் தேர்வு காலாவதியான ஏ.டி.எம். கார்டு. கனம் 0.76 மி.மீ.; மூன்றை அடுக்கி ஒட்டினால் உங்கள் அளவில் கிட்டத்தட்ட எட்டு அங்குலச் சுவர். பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு சூப்பர் குளூ போடுங்கள். (வீட்டில் கேட்டுவிட்டு வெட்டுங்கள்!)

ஜன்னலுக்குப் பழைய சி.டி. பெட்டியின் மூடி. கத்தரித்தால் நொறுங்கும், கத்தியால் பலமுறை கீறி, ஒடித்தெடுங்கள். அதன் பக்கம் சூப்பர் குளூ வேண்டாம், ஆவி படிந்து வெள்ளை பூத்துவிடும்.