ஷவர் ஒழுகினால் குளியலறையை இடிக்க வேண்டுமா?

கேள்வி: மூடிய பின்னும் ஷவர் சொட்டுகிறது, கீழ்வீட்டுக் கூரையிலும் ஈரக்கறை. குளியலறையையே புதுப்பித்துவிடலாமா?

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகளாக இருக்கக்கூடும். ஷவர் தலையில் தங்கிய நீர் சிறிது நேரம் சொட்டுவது இயல்பே; விடாமல் சொட்டினால், நீரை அடைக்கும் ரப்பர் வளையமான வாஷரோ, அதைத் தாங்கித் திருகும் ஸ்பிண்டிலோ தேய்ந்திருக்கும் என்பதால், அவற்றை மாற்றினாலே பெரும்பாலும் போதும். கறையின் காரணம் அறிய, நஹானி டிராப் எனப்படும் தரை வடிகாலின் வாயை அடைத்து, சுமார் 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீரைத் தேக்கி, 24 மணி நேரம் கழித்து மட்டம் இறங்கியிருக்கிறதா, கீழே கறை விரிந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். தரை கசிந்தால் டைல்ஸைப் பெயர்த்து நீர்த்தடுப்புப் பூச்சிட நேரும். இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டை அப்பிச் சமாளிப்பது வீண்செலவு. கசியாவிட்டால், சுவருள் புதைந்த குழாயில் அழுத்தச் சோதனை முடியும்வரை கடப்பாரைக்கு வேலையில்லை.