பறவை இடம் மாறினால் சரணாலயம் எதற்கு?

கேள்வி: ஐரோப்பாவில் குளிர்கால நீர்ப்பறவைகள் வடக்கே நகர்கின்றனவாமே? அப்படியானால் பழைய சரணாலயங்களால் என்ன பயன்?

பதில்: நகர்வது உண்மைதான். ஸ்மியூ வாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் பறவை பளிச்சென்ற வெள்ளை. கண்ணைச் சுற்றி மை அப்பியதுபோல் கறுப்பு. மூழ்கி மீன் பிடிப்பதால் இதற்கு உறையாத நீர் வேண்டும். முன்பு அதற்காக நெதர்லாந்து, ஜெர்மனி வரை இறங்கிவந்தது. இப்போது வடக்கிலேயே நீர் உறைவது குறைந்துவிட்டதால், பின்லாந்து, சுவீடன் பக்கம் தங்கிவிடுபவை பெருகிவிட்டன. வடகிழக்கு ஐரோப்பாவில் குளிர்காலம் கழிக்கும் ஸ்மியூக்களின் பங்கு, ஏறத்தாழ 20 ஆண்டுகளில் 6 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக உயர்ந்தது. அங்கும் பாதுகாக்கப்பட்ட நீர்நிலைகளில்தான் எண்ணிக்கை மற்ற நீர்நிலைகளைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் கூடியது.

ஆகவே, புதிய இடங்களை இப்போதே பாதுகாக்க வேண்டும். மூழ்கும் பறவைகள் சிக்கிச் சாகும் செவுள் வலைகளைக் கட்டுப்படுத்த வேண்டும். பழைய இடங்களையும் கைவிடக் கூடாது. கடுங்குளிர் ஆண்டில் பறவைகள் தெற்கே வந்தே தீரும். அப்போது ஏரி தூர்ந்து கிடந்தால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

இந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுத்தது, 1967 முதல் ஜனவரிதோறும் தன்னார்வலர்கள் எடுக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. அதன் ஆசியப் பிரிவு தமிழ்நாட்டு ஏரிகளிலும் நடக்கிறது. வரும் ஜனவரியில் நீங்களும் அவசியம் கலந்துகொள்ளுங்கள்.