கடற்கன்னி வால் கற்றுத் தந்த கணக்கு



இலாபம் கண்ட கதையை எழுத ஆள் நிறைய உண்டு. நட்டப்பட்ட கதையை எழுதத்தான் யாரும் முன்வருவதில்லை. இந்த வாரம் என்னுடைய நட்டக் கணக்கைத் திறந்து வைக்கிறேன். சரக்கு கொஞ்சம் விசித்திரமானது. நீந்துபவர் இடுப்பு முதல் பாதம் வரை அணிந்துகொள்ளும் சிலிக்கோன் மீன்வால். கடற்கன்னி வால் என்பார்கள். தயவுசெய்து சிரிக்க வேண்டாம். இதில் உள்ள பாடம் சவர்க்காரம் காய்ச்சுபவருக்கும் பேக்கரி நடத்துபவருக்கும் அப்படியே பொருந்தும்.

யாழ்ப்பாண நகரில் எனக்குப் பைபர் சாமான் வியாபாரம். பிசின், கண்ணாடி இழைப் பாய், நிறம், தூரிகை இவைதான் சரக்கு. சண்டிலிப்பாயில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னுடைய நீண்டகால வாடிக்கையாளர். படகுக்கு ஒட்டுப் போடுவது, தண்ணீர்த் தொட்டி திருத்துவது, அச்சு எடுத்துச் சிலை வார்ப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை.

2022 பெப்ரவரியில் கிழக்குக் கரையிலுள்ள ஒரு ஹோட்டல்காரர் என்னைத் தேடி வந்தார். மட்டக்களப்பு 'மீன்பாடும் தேனாடு' அல்லவா? அங்கே கடற்கன்னி ஊரின் அடையாளம். சுற்றுலாப் பயணிகள் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். நீச்சல் தடாகத்தில் காட்சி நடத்த ஒரு வால் வேண்டும் என்றார். வெளிநாட்டில் வாங்கினால் 2,000 டொலருக்கு மேல் போகும், இங்கேயே செய்து தர முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றேன். ரூபாயில் விலையும் சொல்லி, முற்பணமும் வாங்கிவிட்டேன். சரக்கு என்னுடையது, உழைப்பு தம்பியுடையது, இலாபத்தில் பாதி பாதி என்று பேசிக்கொண்டோம்.

இந்தத் தொழிலின் பின்னணி

மனிதர் மீன்வால் கட்டி நீந்துவது புதிய விடயமல்ல. அவுஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெற் கெலர்மன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய உடையணிந்து திரைப்படங்களில் நீந்தினார். அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள வீக்கி வாச்சி ஊற்றில் 1947 முதல் கடற்கன்னிக் காட்சி நடக்கிறது. 1984இல் வெளிவந்த 'ஸ்பிளாஷ்' என்ற ஆங்கிலப் படம் பலருக்கு இந்த ஆசையைக் கிளப்பியது. இன்று தமிழ்நாட்டுப் பொருட்காட்சிகளிலும் கண்ணாடித் தொட்டிக்குள் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். துணி வால் மலிவு. சிலிக்கோன் வால்தான் உண்மையான மீன் போலத் தோன்றும், தசை போல வளையும். அதனால்தான் அந்த விலை.

இறப்பர் வேலை எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. பிரேசிலிலிருந்து எடுக்கப்பட்ட விதைகளின் கன்றுகள் 1876இலேயே கம்பஹா ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் செய்து கொடுத்து வருகிறது. அந்தப் பாதம் இறப்பரை அச்சில் வைத்து வேகவைத்து எடுப்பது. ஆகவே, "இறப்பர் பாதம் வார்க்கும் ஊரில் இறப்பர் வால் வார்க்க முடியாதா?" என்று நினைத்தோம். எங்களைக் கவிழ்த்தது அந்த நினைப்புத்தான்.

பலாப்பால் போல ஒட்டிய வால்

இயற்கை இறப்பரை உறுதியாக்குவது கந்தகம். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்த முறை இது. சிலிக்கோன் வேறு சாதி. உடலில் படும் பொருளுக்குப் பயன்படுத்தும் நல்ல சிலிக்கோன் இரண்டு திரவங்களாக வரும். இரண்டையும் சம அளவில் கலந்தால், மிகச் சிறிய அளவிலுள்ள பிளாற்றினம் என்ற உலோகம் அதை இறுக வைக்கும். அந்தப் பிளாற்றினத்துக்குக் கந்தகம் விரோதி. இறப்பருக்கு உயிர் கொடுப்பது சிலிக்கோனை இறுக விடாமல் கெடுக்கும்.

இதை அறியாமல் நாங்கள் செய்ததைக் கேளுங்கள். எண்ணெய்க் களிமண்ணில் வாலைச் செதுக்கினோம். அவ்வகைக் களிமண் பலவற்றில் கந்தகம் இருக்கும். அதன் மேல் பைபர் அச்சு எடுத்தோம். சரியாக முற்றாத பைபர் பிசினும் சிலிக்கோனைக் கெடுக்கக்கூடியது. போதாதற்குக் கையில் போட்டிருந்தது இறப்பர் கையுறை. அதிலும் கந்தகம்! இவ்வளவையும் வைத்துக்கொண்டு 12 கிலோ சிலிக்கோனை ஒரே நாளில் அச்சில் பூசி முடித்தோம்.

மறுநாள் காலை தம்பி தொலைபேசியில் அழைத்தார். "நானா, வெளிப்பக்கம் நல்லா இறுகியிருக்கு. ஆனா அச்சிலை பட்ட பக்கம் பலாப்பால் மாதிரிக் கையிலை ஒட்டுது" என்றார். போய்ப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் செதுக்கிய செதில்கள் எல்லாம் அச்சிலேயே கசிந்து கிடந்தன. இறுகாத சிலிக்கோனைப் பிறகு எதைச் செய்தும் இறுக வைக்க முடியாது. 12 கிலோவும் குப்பை.

அதன் பிறகுதான் செய்ய வேண்டிய முதல் வேலையைச் செய்தோம். தேநீர்க் கோப்பை அளவு சிலிக்கோனைக் கலந்து ஐந்து இடங்களில் தடவினோம். களிமண்ணில் ஒட்டியது. வெறும் அச்சில் ஒட்டியது. இறப்பர் கையுறைத் துண்டில் ஒட்டியது. வினைல் கையுறையில் இறுகியது. அக்ரிலிக் வார்னிஷ் பூசிக் காயவைத்த அச்சில் இறுகியது. ஐந்து சொட்டில் தெரிந்திருக்க வேண்டிய விடயத்தை அறிய 12 கிலோ கொடுத்தோம்.

வெயிலும் மின்வெட்டும்

இரண்டாவது எதிரி எங்கள் ஊர் வெயில். கலந்த பின் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று தகரத்தில் எழுதியிருக்கும். அந்த நேரம் 23 பாகை வெப்பநிலைக்கு உரியது. பொதுக் கணக்கு என்னவென்றால், வெப்பம் 10 பாகை கூடினால் நேரம் ஏறக்குறைய பாதியாகும். சண்டிலிப்பாயில் மார்ச் மாத மதியம் தகரக் கூரைக்குக் கீழ் 20 நிமிடம் என்பது 10 நிமிடத்துக்கும் குறையும். வாளியிலேயே இறுகிப் போன கலவையை நாங்கள் கேக் போலத் தலைகீழாகத் தட்டி எடுத்தோம். பிறகு அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது, ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது, காற்றுக் குமிழி. கலக்கும்போது உள்ளே போகும் காற்றை வெற்றிடப் பம்பி வைத்து உறிஞ்ச வேண்டும். அப்போது கலவை மூன்று நான்கு மடங்கு பொங்கும். பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும். பம்பி வாடகைக்கு எடுத்தோம். மின்சாரம்? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தது. மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் வரிசையில் நிற்க வேண்டும். கடைசியில் பம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். முதற் பூச்சை மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு செதிலுக்குள்ளும் தேய்த்துப் பூசினோம். அடுத்தடுத்த பூச்சுகளை உயரத்திலிருந்து நூல் போல ஊற்றிப் பரப்பினோம். குமிழி பெரும்பாலும் உடைந்துவிடும். நேரம்தான் மூன்று மடங்கு.

ஒரு மில்லிமீற்றரின் விலை

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. நாங்கள் செய்த அளவுள்ள வாலின் மேற்பரப்பு, துடுப்பின் இரு பக்கமும் சேர்த்து, ஏறக்குறைய 1.9 சதுர மீற்றர். சிலிக்கோன் தண்ணீரை விடச் சிறிது கனமானது. ஒரு லீற்றர் ஏறக்குறைய 1.07 கிலோ. பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டு கிலோ சிலிக்கோன் வேண்டும். 5 மில்லிமீற்றர் என்றால் 10 கிலோ. கை சற்றுத் தாராளமாகி 8 மில்லிமீற்றர் ஆனால் 16 கிலோ. கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று மில்லிமீற்றரில் ஆறு கிலோ, அதாவது எங்கள் முழு இலாபம், போய்விடும்.

தண்ணீருக்குள் அந்த 16 கிலோ ஒரு கிலோ போலத்தான் தெரியும். தரையில் அணிபவரை இருவர் தூக்க வேண்டும். ஆகவே மெல்லியதாக்குவது இரு தரப்புக்கும் நல்லது. இடுப்பில் மெலிதாகவும், முழங்காலில் சற்றுத் தடிப்பாகவும் இருக்க வேண்டும். ஊசியில் அடையாளமிட்டு ஈரப் பூச்சில் குத்தி அளந்து பூசக் கற்றுக்கொண்டோம்.

நிறத்திலும் ஒரு பாடம். சிலிக்கோனில் சிலிக்கோன் மட்டுமே ஒட்டும். சாதாரணப் பெயின்ற் அழகாகக் காயும். ஒரு தடவை வளைத்தால் பாம்புச் சட்டை போல உரியும். நிறத்தைச் சிலிக்கோனிலேயே குழைத்துப் பூச வேண்டும். பாதம் நுழைக்கும் ஒற்றைத் துடுப்பைப் பைபரில் செய்தோம். பாதக் குழி ஓரத்தில் வெடித்தது. பொலிகாபனேற் தகட்டில் வெட்டியதுதான் தாங்கியது.

டொலர் வைத்த அடி

இரண்டாவது வாலுக்குச் சிலிக்கோன் வாங்கக் கொழும்புக்குப் பேசியபோது விலை எனக்குத் தலைசுற்றியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. நான் பெப்ரவரியில் ரூபாயில் விலை சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிட்டேன். இறக்குமதிச் சரக்கில் செய்யும் பொருளுக்கு "இந்த விலை 14 நாட்களுக்கு மட்டும்" என்ற ஒரு வரியை எழுத மறந்ததன் விலை அது. சொன்ன சொல்லை மாற்றவில்லை. வால் தயாரானது, ஹோட்டல்காரருக்கும் திருப்தி. கூட்டிக் கழித்தபோது என் கையிலிருந்துதான் பணம் போயிருந்தது. தம்பியின் உழைப்புக்கு நட்டத்தில் பங்கு சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அவர் கூலியைக் கொடுத்துவிட்டு மீதியை என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வேண்டாம் என்று சொன்ன ஓடர்

சில மாதங்கள் கழித்து அதே ஹோட்டல்காரர் மறுபடி வந்தார். சிறுவர்களுக்கு வாடகைக்கு விட நான்கு சிறிய வால்கள் வேண்டும் என்றார். அச்சு முறை தெரியும், பிழைகள் தெரியும், புதிய விலையும் தருவதாகச் சொன்னார். விட்ட பணத்தை எடுக்க நல்ல சந்தர்ப்பம்.

தம்பிதான் தயங்கினார். "நானா, ரெண்டு காலையும் கட்டித் தண்ணிக்குள்ளை விடுறம். பெரிய ஆள் எண்டால் பயிற்சி எடுத்து இறங்குவினம். பிள்ளையள் என்ன செய்யுங்கள்?" என்றார்.

அவர் கேட்டது சரி. கனடாவின் எட்மன்ரன் நகரம் 2015இல் தன் பொது நீச்சல் தடாகங்களில் மீன்வாலைத் தடை செய்ததே இந்தப் பயத்தால்தான். மீன்வால் அணிந்து நீந்துவதற்கென்றே சுழியோடிப் பயிற்சி நிறுவனங்கள் பாடநெறி நடத்துகின்றன. பெரியவருக்குச் செய்த வாலிலேயே, ஒரே இழுப்பில் கால் வெளியே வருகிறதா என்று முழங்கால் அளவு தண்ணீரில் பலமுறை சோதித்த பின்தான் கொடுத்தோம். பயிற்சி பெற்ற பாதுகாவலர் எப்போதும் அருகில் நிற்பார், ஆழமான பக்கம் விடமாட்டோம் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்து மழுப்பினார். ஓடரை விட்டுவிட்டேன். கடைப் பிள்ளைகளுக்கு என் மேல் கோபம். எனக்கு அன்று இரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

நான் எழுதி வைத்த பாடங்கள்

1. புதிய மூலப்பொருளை, பழைய பொருளின் தம்பி என்று நம்பாதீர்கள். ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றதற்கு நஞ்சாகலாம்.

2. பெரிய அச்சில் ஊற்றுமுன் கோப்பை அளவில் சோதியுங்கள். பாத்திரம், கையுறை, அச்சு எல்லாவற்றையும் சேர்த்துச் சோதியுங்கள்.

3. தகரத்தில் எழுதியிருப்பது வேறு நாட்டின் வெப்பநிலைக்கு. உங்கள் பட்டறையின் நேரத்தை நீங்களே அளந்து சுவரில் எழுதி வையுங்கள்.

4. தடிப்பு, எடை, விலை மூன்றையும் முதலில் கடதாசியில் பெருக்குங்கள். முதல் முயற்சி கெடும் என்று வைத்து அதன் செலவையும் விலையில் சேருங்கள்.

5. இறக்குமதிச் சரக்கு என்றால் விலைக்குக் காலக்கெடு எழுதுங்கள். முற்பணம் குறைந்தது மூலப்பொருள் செலவையாவது மூட வேண்டும்.

6. உங்கள் சரக்கு ஓர் உயிரை ஆபத்தில் வைக்கக்கூடியது என்றால், விற்ற பிறகும் பொறுப்பு உங்களுடையதே.

இறுகாமல் போன அந்த முதல் வாலிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டி, கடையில் பணப்பெட்டிக்கு மேல் மாட்டியிருக்கிறேன். இன்றும் தொட்டால் விரலில் ஒட்டும். புதிதாக ஏதாவது செய்யப் போகிறேன் என்று சரக்கு வாங்க வரும் இளைஞர்களை முதலில் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். பிறகு சோதனைக்கென்று ஒரு கிலோ மட்டும் கொடுத்து அனுப்புகிறேன். பெரிய தகரத்தை விற்றால் அன்றைக்கு எனக்கு இலாபம் கூடும். ஒரு கிலோ வாங்கிப் போனவர்தான் திரும்பி வருகிறார்.