கழற்றும் முன்: லிந்துலைத் தம்பிக்கு ஒரு கடிதம்



இரும்பு விலைக்கு வாங்கிய டெக்ட்ரோனிக்ஸ் 2465பி ஸ்கோப்பை மறுபடி ஓடவைத்த கதையைத் தம்பி எழுதியிருந்தார். அந்தக் கட்டுரை கைமாறிக் கைமாறித் தலவாக்கலையில் இருக்கும் ஒரு பழைய ரேடியோக்காரனிடமும் வந்து சேர்ந்தது. நான்கு சேனல், 400 மெகாஹெர்ட்ஸ், ட்ரிகர் பிடிக்கும் அழகு எல்லாம் தம்பிக்கும் தெரியும், இந்தக் கிழவனுக்கும் தெரியும், அதை விடுவோம். கட்டுரையின் நடுவில் ஒரு படம் இருக்கிறதே, அதிலிருந்துதான் இந்தக் கடிதம் பிறந்தது.

கழற்றிய ஈப்ரொம் ஒன்று ஜன்னல் கட்டையில் கிடக்கிறது. மேலே இருந்த ஸ்டிக்கரை உரித்தாகிவிட்டது. சின்னக் கண்ணாடி வட்டத்துக்குள் சிப் பளபளக்கிறது, பின்னால் தேயிலை மலை. அட்டைப்படத்துக்கே போடலாம். அதைப் பார்த்ததும் கிழவன் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

1971ல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய சாமான் இந்த ஈப்ரொம். சுற்றிலும் காப்புப் படலம் மூடிய துளியூண்டு சிலிக்கனுக்குள் மின்னூட்டத்தை அடைத்துவைத்துத்தான் அது நினைவு வைத்திருக்கிறது. புற ஊதா பட்டால் மின்னூட்டம் வெளியேறிவிடும். முறையாக அழிப்பதற்கு 253.7 நானோமீட்டர் விளக்கின் கீழ் இருபது நிமிடம் போல வைத்தால் போதும். விளக்கே இல்லாவிட்டாலும் நேர் வெயிலில் ஏறக்குறைய ஒரு கிழமை, டியூப் லைட் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்று வருடம் என்று டேட்டா ஷீட்டிலேயே எழுதியிருக்கிறது. லிந்துலையில் வெயில் எங்கே அடிக்கிறது, படம் எடுக்கும் ஐந்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று தம்பி கேட்பார். ஒன்றும் ஆகாது. சிப்பைப் பற்றிக் கிழவனுக்குக் கவலையே இல்லை. கோபமெல்லாம் அந்த ஸ்டிக்கர் எங்கே போனது என்பதில்தான்.

டெக்ட்ரோனிக்ஸ்காரர்கள் எண் போட்ட முறை தம்பிக்குத் தெரியாததல்ல. 156ல் தொடங்கினால் கடையில் கிடைக்கும் ஐசி. 155 என்றால் அவர்களே செய்தது. 160 என்றால் புரோகிராம் ஏற்றிய சிப். அந்த 160 எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் உள்ளே இருப்பது எந்தப் பதிப்பு என்று சொல்லும். எச்பி கொம்பனிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1820-1197 என்று கண்டால் பயப்படத் தேவையில்லை, அது சாதாரண 74எல்எஸ்00. வெறும் சிப்பை எங்கேயும் வாங்கலாம். எந்தப் பதிப்பு, எந்த சொக்கெட்டில் இருந்தது என்ற செய்தியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தம்பி அதைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு, "படிப்பதற்கு வசதியாக ஸ்டிக்கரை நீக்கினேன்" என்று வேறு எழுதியிருக்கிறார். சிப்பைப் படிப்பது கால்கள் வழியாக, ஜன்னல் வழியாக இல்லையே!

அடுத்த பத்தியைப் படிக்கும்போது எரிச்சல் இரண்டு மடங்காகிவிட்டது. கலிப்ரேஷன் எண்கள் உட்கார்ந்திருக்கும் டிஎஸ்1225 சிப்பைத் தம்பி நேரே சோல்டர் உருக்கி எடுத்து, ரீடரில் வைத்து, ஒரே ஒரு தடவை படித்திருக்கிறார். டாலஸ் செமிகண்டக்டர் கொம்பனியின் சிப் அது. வயிற்றுக்குள்ளேயே லித்தியம் பற்றரி. மின்சாரம் இல்லாமல் பத்து வருடம் தாங்கும் என்பதுதான் கொம்பனி கொடுத்த வாக்கு. முப்பது வருடம் தாண்டியும் தம்பியின் சிப்பில் எண்கள் இருந்தது தம்பியின் திறமையால் அல்ல, அந்த மெசினின் புண்ணியத்தால். சூடு பட்டோ, சோல்டரிங் இரும்பின் நுனியில் கசிந்த மின்சாரத்தாலோ அவை போயிருந்தால், மறுபடி ஆன் செய்யும்போது திரையில் டெஸ்ட் 04 ஃபெயில் என்று வந்து நின்றிருக்கும். பிறகு முழுக் கலிப்ரேஷன்தான். அதற்கு பிஜி506, டிஜி501, எஸ்ஜி503 மூன்றும் வேண்டும். அக்கரப்பத்தனையிலும் அவை கிடைக்காது, நுவரெலியாவிலும் கிடைக்காது.

அந்த ஸ்கோப்பின் சுயபரிசோதனை மெனுவில் எக்ஸர் 02 என்று ஒன்று உண்டு. கலிப்ரேஷன் எண்களை ஒவ்வொன்றாகத் திரையிலேயே காட்டும். மூடியில் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். ஒரு சிஆர் கொப்பியை எடுத்துவைத்து, பொறுமையாக உட்கார்ந்து, இடது பக்கம் முகவரி, வலது பக்கம் எண் என்று எழுதிவிட்டால் முடிந்தது. போனில் படம் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கட்டும், ஆனால் எழுதவும் வேண்டும். போன் தொலையும், மெமரி கார்டு போகும். எண்ணைக் கையால் எழுதும்போது பக்கத்து எண்களோடு ஒட்டாத ஒன்று வந்தால் கண்ணில் குத்தும். படம் பிடிக்கும்போது எதுவும் குத்தாது.

எச்பி 3478ஏ மல்டிமீட்டரிலும் இதே கதை. அதில் பற்றரி தனியாக இருக்கும். கலிப்ரேஷன் நினைவைப் பின்புறத்து ஜிபிஐபி வழியாக வெளியே எடுத்துவிடலாம். 3458ஏயில் டாலஸ் சிப் மூன்று உண்டு. அவற்றில் டிஎஸ்1220 என்ற சின்னதுதான் கலிப்ரேஷனைத் தாங்குவது. அதைத் தெரியாமல் மூன்றையும் ஒன்றாகக் கழற்றி மேசையில் போட்டுவிட்டால் அழுதாலும் திரும்பாது.

இந்தக் கொப்பிப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்றால், தலவாக்கலை பஜாரில் ரேடியோ திருத்திய ஒரு மாஸ்டரிடமிருந்து. 1977க்கு முந்திய காலம். நாடு இறக்குமதிக்குக் கதவடைத்திருந்தது. ஒரு ஏசி128 டிரான்சிஸ்டர் போனால் கொழும்புக்குச் சொல்லியனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாஸ்டர், நன்றாகப் பாடும் செட் கையில் கிடைத்தாலும் மூடியைத் திறப்பார். ஒவ்வொரு காலிலும் எத்தனை வோல்ட் என்று அளந்து கொப்பியில் எழுதிவிட்டுத்தான் மூடுவார். "நோயாளியின் வீட்டு விலாசத்தை அவன் பேசும்போதே கேட்டுக்கொள்" என்பார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் வந்து, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போகும்போது வால்வுகளையும் மீட்டரையும் பெட்டியில் கட்டிக்கொண்டார். கொப்பிகளை மட்டும் இங்கேயே கொடுத்துவிட்டார்; அங்கே வேறு செட், வேறு எண் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் பலரைப் போல அவரும் நீலகிரிப் பக்கம் போனதாகக் கேள்வி. ரேடியோ திருத்தினாரா, மறுபடி கொழுந்து மலைக்கே போனாரா, தகவல் வரவில்லை.

சரி, மூன்றாவது குற்றத்துக்கு வருவோம். "டிஎஸ்1225க்குப் பதிலாக எஃப்எம்1608 போடலாம், அதே எட்டு கிலோபைட், அதே 28 கால், அப்படியே உட்காரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் தம்பி. உட்காரும், சரி. எல்லா மெசினிலும் வேலை செய்யுமா? பழைய ராமில் சிப் எனேபிள் காலைக் கீழே பிடித்துக்கொண்டு முகவரியை மாற்றிக்கொண்டே போகலாம். எஃப்எம்1608 ஃபெர்ரோ ராம். அந்தக் கால் மேலிருந்து கீழே விழும் கணத்தில்தான் முகவரியைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கால் ஏறி இறங்காத சர்க்கியூட்டில் அதைப் போட்டால் குப்பைதான் வரும். தம்பியின் ஸ்கோப்பில் ஓடியது என்பதற்காக, கட்டுரையைப் படித்த இன்னொரு பையன் வேறு மெசினில் போட்டுவிட்டு முழிப்பான்.

கால் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுவது இந்தத் தொழிலில் பழைய வியாதி. டெக்ஸாஸின் 2532க்கும் இன்டெலின் 2732க்கும் 24 கால்தான், நான்கு கிலோபைட்தான். ஆனால் 18, 20, 21ஆம் கால்களின் வேலை வேறு வேறு. 2732க்கு எழுத 25 வோல்ட் வேண்டும், 2732ஏக்கு 21 போதும். அந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காமல் 25 கொடுத்தால் சிப் செத்துப்போகும். இன்றைய மலிவு புரோகிராமர்கள் பலவற்றால் 25 வோல்ட் எழுப்பவே முடியாது என்பது வேறு விஷயம்.

இனித் தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய ஈப்ரொம்களைத் தம்பி சோதித்த அந்த ஒன்றரைப் பக்கம் இருக்கிறதே, அதைப்போல ஒன்றைத் தமிழில் இந்தக் கிழவன் படித்ததில்லை. எல்லாச் சிப்பிலும் ஒரே தேதிக் குறியீடு, ஆனால் திருப்பிப் பார்த்தால் அடியில் அச்சுக் குழி வேறு வேறு, அங்கேயே சந்தேகப்பட்டார். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தார், எழுத்து கையோடு வந்தது. இவ்வளவையும் யாரும் செய்வார்கள். தம்பி அதற்கு மேலும் போய், ஏ9 காலை 12 வோல்ட்டுக்கு உயர்த்திச் சிப்பிடமே அதன் தாய் தகப்பன் யார் என்று கேட்டிருக்கிறார். மேலே ஏஎம்டி என்று அச்சு. உள்ளிருந்து 20 என்று பதில். ஏஎம்டி என்றால் 01 வந்திருக்க வேண்டும்; 20 எஸ்டி கொம்பனியின் எண். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி! கொழும்பில் பெரிய லேப் வைத்திருப்பவர்கள்கூட இவ்வளவு தூரம் போவதில்லை. அந்தப் பக்கத்தைக் கிழவன் மூன்று தரம் படித்தான். நாலாந்தரம் பேரனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னான்.

இப்படிப்பட்ட ஆள்தான் ஸ்டிக்கரைச் சுரண்டினார் என்பதை நினைத்தால்தான் மறுபடி வயிறு எரிகிறது.

தேடிக் கிடைக்காத சிப்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு புலம்பலும் இருந்தது. நியாயம்தான். 155ல் தொடங்கும் ஐசிகளை டெக்ட்ரோனிக்ஸ் தன் சொந்தத் தொழிற்சாலையில் செய்தது. அந்தப் பிரிவை 1994ல் மாக்சிம் கொம்பனி வாங்கியது. 2001ல் அதே மாக்சிம் டாலஸையும் வாங்கியது. 2021ல் மாக்சிமையே அனலாக் டிவைசஸ் வாங்கிவிட்டது. தம்பியின் ஸ்கோப்பில் அடிக்கடி சூடேறிச் சாகிற 155 வகை யு800ம், எண்களைத் தாங்கும் டிஎஸ்1225ம் ஆக ஒரே வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதனால் நமக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. யு800 வேண்டுமென்றால் செத்த இன்னொரு ஸ்கோப்பைத்தான் அறுக்க வேண்டும். அப்படி அறுக்கும் ஸ்கோப்பின் ஈப்ரொம்களையும் படித்து வைத்துக்கொள்வது நல்லது. வேறு பதிப்பாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்று தடவை படித்து, மூன்றும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, செக்சம்மைக் கொப்பியில் எழுத வேண்டும். 1977ல் எச்பி 5004ஏ சிக்னேச்சர் அனலைசர் வந்த பிறகு, சர்விஸ் மேனுவல்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் நாலெழுத்துக் கையொப்பம் அச்சடித்தே கொடுத்தார்கள். அப்படி அச்சடித்திருந்தால் நம் வேலை பாதி குறையும்.

தேயிலைத் தூளிலிருந்து காம்பைப் பிரிக்கும் பழைய கலர் சோர்ட்டர் ஒன்று ஃபக்டரியில் நின்றுபோய்விட்டதாகவும், அடுத்ததாக அதைப் பார்க்கப் போவதாகக் கட்டுரையின் கடைசியில் எழுதியிருந்தார். அதன் போர்டிலும் ஜன்னல் வைத்த சிப்கள் இருந்தால் முதலில் கொப்பி, பிறகுதான் ஸ்குரூ டிரைவர். துரை அவசரப்படுத்தினாலும் சரி. ஸ்டிக்கர் உரிந்து வந்தால் அதே கொப்பியில் ஒட்டிவிட்டு, ஜன்னலில் அலுமினியத் தாள் டேப் ஒட்டலாம்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு கிழவன்

பி.கு.: ஸ்கோப் ஓடிவிட்டது என்று தம்பி மூடியைப் பூட்டிவிட்டார் போலிருக்கிறது. மறுபடி திறக்கட்டும். டிஎஸ்1225 இருந்த ஏ5 போர்டில் சின்னஞ்சிறு எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் உண்டு; அவை கசிந்து அடியிலுள்ள செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். பவர் சப்ளையில் மின்சாரம் நுழையும் இடத்திலிருக்கும் ரிஃபா கெபாசிட்டர்களில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நம்மூர் ஈரத்தை அவை குடித்துவிட்டு ஒருநாள் புகையாக வெளியே விடும். மாற்றுச் சாமான் கையில் இல்லையென்றால் ஒரு சோடி இங்கே இருக்கிறது. புதன்கிழமை சந்தைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.