கண்ணாடி மாற்றினால் கேமராவையும் கவனியுங்கள்

லாரி டயரிலிருந்து தெறித்த கல் என் கார் முன்கண்ணாடியைப் பதம் பார்த்தது. புதுக் கண்ணாடி மாட்டி, சாவியைத் தந்துவிட்டார்கள். திரும்பும் வழியில், நேராகப் போகும்போதே ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் ஒருவர்! எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.

காரணம், முன்கண்ணாடியின் உட்புறம், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா. சாலைக் கோடுகளைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருத்தச் சொல்வது அதுதான். பிரிண்டரில் புதிய கார்ட்ரிட்ஜ் போட்டதும் அலைன்மெண்ட் பக்கம் அச்சிடுகிறோம் அல்லவா? அதே கதைதான். அங்கே எழுத்து கோணலாகும்; இங்கே கேமரா 1 டிகிரி திரும்பினால், 50 மீட்டர் தள்ளி சுமார் 87 செ.மீ. பிழை.

மறுநாள் வேறொரு பட்டறையில் டயர் காற்றைப் பார்த்து, டிக்கியைக் காலி செய்து, சமதளத்தில் நிறுத்தினார்கள். கட்டங்கள் அச்சிட்ட பலகையை அளந்த தூரத்தில் எதிரே வைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி காலிபரேஷன் செய்தார்கள். சில கார்களுக்குப் பலகை வேண்டாம். ஸ்கேனரில் கட்டளை கொடுத்துவிட்டு, கோடுகள் தெளிவான சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டினால் கேமரா தானே கற்றுக்கொள்ளும். நம்மூர்ச் சாலைகளில் அந்தக் கோட்டைத் தேடுவதுதான் பெரிய வேலை!

பில்லில் 'காலிபரேஷன்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனர் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை லேன் அசிஸ்டை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.