காருடன் வந்த ஸ்டீரியோவும் வெளி ஆம்ப்ளிஃபயரும்

கேள்வி: காருடன் வந்த ஸ்டீரியோவை மாற்றாமலே, தனியாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரை அதனுடன் இணைக்க முடியுமா?

பதில்: முடியும், ஆயினும் தொழிற்சாலையில் பொருத்தப்படும் ஸ்டீரியோக்கள் பலவற்றில் ஆம்ப்ளிஃபயருக்குரிய தாழ்மின்னழுத்த வெளியீடான ஆர்சிஏ முனைகள் இருப்பதில்லை என்பதால், ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பிகளிலிருந்தே ஒலிக்குறிப்பைப் பெற வேண்டியிருக்கிறது. அதன் மின்னழுத்தம் மிகுதியாதலின், அதைத் தாழ்த்தித் தரும் லைன் அவுட்புட் கன்வர்ட்டர் என்னும் சிறு கருவியை இடையில் அமைப்பது வழக்கம். ஸ்பீக்கர் கம்பிகளை நேரடியாக ஏற்கும் ஹை லெவல் உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபயராயின் அக்கருவி தேவையில்லை. இன்றைய ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் நேர், எதிர் கம்பிகள் இரண்டுமே ஒலிக்குறிப்பைச் சுமப்பவை; எதிர்க்கம்பியை வெறும் எர்த் எனக் கருதிக் காரின் உடலோடு இணைத்தால் ஸ்டீரியோவே பழுதாகக்கூடும்.

மின்வழங்கலில் சிக்கனம் ஆகாது. 80 விழுக்காடு திறனுடன் 500 வாட் வெளியிடும் ஆம்ப்ளிஃபயர் 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 45 ஆம்பியர் இழுக்குமாதலால், பேட்டரியிலிருந்து தடித்த செம்புக் கம்பியைத் தனியே கொண்டுவந்து, பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் அதில் ஃபியூஸ் பொருத்துதல் இன்றியமையாதது; அந்த ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அன்று, கம்பி உராய்ந்து உலோகத்தைத் தொட்டால் மூளக்கூடிய தீயிலிருந்து காரையே. எர்த் கம்பி குட்டையாக, பெயிண்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில் இறுக்கப்பட வேண்டும். அது தளர்ந்திருந்தால் எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்கலாம் (பழி என்னவோ ஆம்ப்ளிஃபயர் மேல்தான் விழும்).

சில ஸ்டீரியோக்கள், சிறிய ஸ்பீக்கர்களைக் காக்கும்பொருட்டு, ஒலியளவு கூடும்போது பாஸ் ஒலியைத் தாமே குறைத்துவிடுகின்றன. அவற்றில் இழந்த பாஸை மீட்டுத்தரும் ஒலிச்செயலி இன்றி எத்தனை வாட் சேர்த்தாலும் குறை நீங்காது.