கூண்டு வண்டி வாங்குமுன்...

நம் சங்கரன்கோவில் விசைத்தறிச் சேலைக்கு மழைதான் முதல் எதிரி. ஓர் ஐப்பசி மாதம், தார்ப்பாய் கிழிந்த வாடகை வண்டியில் நாங்கள் அனுப்பிய மூன்று பேல்கள் நனைந்துவிட்டன. கஞ்சி போட்ட சேலை. பிரித்தபோது பூஞ்சைப் புள்ளி. பார்ட்டி சரக்கைத் திருப்பினார். அடுத்த ஆர்டரும் வரவில்லை. அதன்பின் கூண்டு வண்டி வாங்கினோம். அந்த அனுபவத்தில் கற்றவை இவை:

1. எடை: 2005-ல் வந்த டாடா ஏஸ் சுமார் 750 கிலோ ஏற்றும் வண்டி. கூண்டு கட்டினால் அதன் எடையும் இந்தக் கணக்கில்தான் கழியும். ஓட்டுநருடன் வெறும் வண்டியை எடை மேடையில் நிறுத்துங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் அதைக் கழித்தால் வரும் மீதமே நம் சரக்கு.

2. அளவு: உள் அகலத்தைவிடக் கதவு வாசல் குறுகலாக இருக்கலாம். ஒரு பேலைக் கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள்.

3. ஒழுக்கு: பகலில் ஓர் ஆளை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் தண்ணீர் வரும்.

4. காற்று: ஈரம் போகாத மிளகாய் வற்றல் மூடிய கூண்டில் வியர்க்கும், காற்றுத்துளை அவசியம். மறுநாளே அதில் சேலை ஏற்றினால் நெடி ஏறும்.

5. ஆவணம்: கூண்டு கட்டியதை ஆர்.சி.யில் பதியுங்கள். வண்டி இன்சூரன்ஸ் சரக்குக்கு உதவாது. சரக்குக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

வாரம் ஒரு லோடு மட்டும் அனுப்புவோர் வாடகை வண்டியே பிடிக்கலாம். ஆனால் ஏற்றுமுன் இதே சோதனைகளைச் செய்யுங்கள். சரக்கு போனால் மீண்டும் வாங்கலாம். நாணயம் போனால் வாங்க முடியாது.